வெந்நீர்ப் பை

பிளாஸ்திரியை ஒட்டியதும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு முப்பது வரை எண்ண வேண்டும். நான் இருபதைத் தொடும்போதே என் கணவர், "மெதுவா எண்ணு, வண்டியா கெளம்புது?" என்பார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்; மனதுக்குள் எனக்கும் அப்படித்தான். உணவுக்குழாயில் வந்த கட்டி மாத்திரை போகும் வழியை அடைத்துவிட்டதால், வலிக்கான மருந்து இப்படித் தோல் வழியாகப் போகிறது. தீப்பெட்டி அளவில் ஒரு மெல்லிய தாள், மூன்று நாளைக்கு ஒன்று. ஒட்டிய தேதியை அதன் மேல் எழுதிவைக்க வேண்டும். பழையதைப் பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து சிஸ்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

சிஸ்டர் என்று நாங்கள் சொல்வது, வாரத்தில் இரண்டு நாள் காலையில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸை. முதல் நாளே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். மாத்திரை வயிற்றில் இறங்கி, குடலில் ஊறி, கல்லீரலைத் தாண்டித்தான் ரத்தத்துக்கு வர வேண்டுமாம். வருவதற்குள் பாதி காணாமல் போய்விடுமாம். இது தோலுக்கு அடியில் போய்த் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியுமாம். டிரைவர் யோசித்துவிட்டு, "அப்போ மாத்திரை டவுன் பஸ். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் எறங்கிடுவான். ஊசி எக்ஸ்பிரஸ். இது நடந்து வர்ற கூட்டம்" என்றார். சிஸ்டர் சிரித்துவிட்டார். நான் அசந்துபோனேன், அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருப்பார்களே, அந்தப் பலகையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்து மாட்டிவிட்ட மாதிரிதான் எங்கள் குடித்தனம் நடந்தது. சண்டை இல்லை, குறை இல்லை, பேச்சும் இல்லை.

முதல் சில வாரங்கள் பிளாஸ்திரி மார்பில்தான் இருந்தது. தூக்கத்தில் அவர் அதைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டதால், கை எட்டாத இடமாகப் பார்த்து வலது தோளுக்குப் பின்னால் ஒட்டச் சொன்னார் சிஸ்டர். அந்த வாரத்திலிருந்துதான் மத்தியானங்கள் மாறின.

வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகக் கஞ்சியை ஏற்றிவிட்டு நான் வரும்போது அவர் கண் பாதி மூடியிருக்கும். ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கும். கட்டிலுக்கு எதிரே பீரோக் கண்ணாடியில் தெருவின் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருக்கும். அவர் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் அகலமாக வைத்து, இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். "பாலத்து மேல தண்ணி ஓடுது. மெதுவாப் போயிடலாம்" என்பார். ஒருநாள் வெள்ளைக் குதிரை குறுக்கே வந்தது, அது கடந்து போகும்வரை இருவரும் காத்திருந்தோம். ஒருநாள் இறந்துபோன அவர் அண்ணன் ஸ்டாப்பில் நின்றிருந்தாராம், கைகாட்டியும் இவர் நிறுத்தவில்லையாம். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஜன்னல் சீட்டு கிடைத்த பிள்ளையைப் போல வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவர் நோயில் கிடந்த அந்த மத்தியானங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அதைச் சொன்னார்.

"பச்சைப் பை வச்சிருப்ப. எவ்ளோ பிரேக் போட்டாலும் அத விடமாட்ட. கண்ணாடில பாத்துக்கிட்டேதான் வருவேன்."

கல்யாணத்துக்கு முன் நான் புத்தக பைண்டிங் வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்தது உண்மை. பச்சைப் பையும் உண்மை. ஆனால் எங்கள் கல்யாணம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்தது. அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, "அப்புறம்?" என்றேன். "ஒருநா நீ வரல" என்றார். "அன்னிக்கு வண்டிய நான்..." அதோடு தூங்கிப்போனார்.

மறுநாள் மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. கூடவே, வழக்கமில்லாத வழக்கமாக சிஸ்டரும் வந்தார். காலையில் வேறு வீட்டில் மாட்டிக்கொண்டாராம். டிரைவரைப் பார்த்ததும் சிஸ்டர் முகம் மாறியது. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மார்பையே பார்த்தார். இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு தோளைத் திருப்பி, அடியில் இருந்ததை உருவினார்.

"இது எத்தனை நாளா வைக்கிறீங்க?"

வெந்நீர்ப் பையைக் கேட்கிறார் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரமானது. எத்தனை நாளா? கல்யாணமான வருஷத்திலிருந்து. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அவருக்கு வலது தோள் கல்லாகிவிடும். ஷிப்ட் முடிந்து வந்து சாய்ந்ததும் நான் பையை வைப்பேன்; படுக்கையில் விழுந்த பிறகும் மத்தியானம் வைப்பதை நிறுத்தவில்லை. கேட்காமலே கொடுக்கவும் சொல்லாமலே வாங்கிக்கொள்ளவும் எங்களுக்குள் இருந்தது அது ஒன்றுதான். வேறு என்ன மருந்தெல்லாம் எடுக்கிறார் என்று சிஸ்டர் எழுதிக்கொண்டபோது, வெந்நீரை யார் மருந்தென்று சொல்வார்கள்?

சிஸ்டர் பிளாஸ்திரியைப் பிய்த்தார். டாக்டரிடம் போனில் பேசி, தன் பையிலிருந்து மருந்தை முறிக்கும் ஒரு ஊசியை எடுத்துப் போட்டார். தோலுக்கு அடியில் தங்கியது இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கும் என்று சாயங்காலம்வரை நகரவில்லை. தட்டித் தட்டி எழுப்பி மூச்சை இழுக்கச் சொன்னார். டிரைவர் கண்ணைத் திறந்து வலியில் முனகியபோதுதான் சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "சூடு பட்டா ரத்தம் வேகமா ஓடும்மா. மூணு நாளைக்குண்டான மருந்து மொத்தமா எறங்கும். நிமிஷத்துக்கு ஏழு மூச்சுதான் விட்டுக்கிட்டிருந்தாரு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வந்த வழியெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பாலம், குதிரை, அண்ணன். ஒவ்வொரு மத்தியானமும் என் கையாலேயே அவரை எங்கே அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

அடுத்த நாள் குறைந்த அளவில் ஒன்றை இடது மார்பில் ஒட்டிவிட்டுப் போனார் சிஸ்டர். மத்தியானம் வெளிச்சம் அதே இடத்துக்கு வந்தது. டிரைவர் விழித்திருந்தார். பல்லைக் கடித்திருந்தார்.

"பை எங்க?"

அடுப்பில் வெந்நீர் போட்டுப் பையில் நிரப்பினேன். மூடியைத் திருகிவிட்டு அடுக்களையிலேயே நின்றேன். ஒரு பத்து நிமிஷம் மார்பில் வைத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். 'அன்னிக்கு வண்டிய நான்' என்பதற்கு அப்புறம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்காக முப்பது வருஷம் காத்திருந்ததாக அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கை சுட்டுக்கொண்டே இருந்தது.

பையைக் கொண்டுபோய் அவர் பாதங்களுக்கு அடியில் வைத்தேன். மருந்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில். நான் நின்றபடியே அவர் மார்பு ஏறி இறங்குவதை எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினான்கு.

"ஏங்க, ஒருநா நான் பஸ்ஸுக்கு வரலன்னு சொன்னீங்களே. அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"நானா? எப்போ சொன்னேன்?"

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். திரையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. வலியோடு வலியாக ஒரு காலை மடக்கி, பிறகு இன்னொரு காலையும் மடக்கி, ஜன்னல் பக்கம் கட்டிலில் ஒரு ஆள் உட்காரும் இடத்தை அவர் ஒழித்திருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"நின்னுக்கிட்டே வராத. உக்காரு."

உட்கார்ந்தேன். பையின் சூடு போர்வை வழியாக என் தொடைக்கும் வந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. நேராக முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கே பார்த்தேன். எதிரே பீரோக் கண்ணாடியில் அவர் கண்கள் என் மேல் இருந்தன.