முந்நூறு மில்லி செகண்டு

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பின்னால் நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை. பஸ் நிற்பதற்குள் இறங்குவேன். காபியை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையே" என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு ஆக்கவும் பொறுமை கிடையாது என்பது பாவம் அவளுக்குத் தெரியாது. ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபது வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறேன். இரண்டு மணி நேரம் ஓடுவதை இருபது நிமிஷத்தில் ஓடவைப்பாள் நாகலக்ஷ்மி என்று அங்கே எனக்குப் பெயர்.

என் கணவர் சேஷாத்ரி நேர் எதிர். கல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் ஃப்ளாட்டின் முன்னறையில் பாதியை, ஊர் ஊராக உள்ள நண்பர்களோடு பேசுகிற அவருடைய அமெச்சூர் ரேடியோ அடைத்துக்கொண்டிருக்கும். ஆபீஸிலிருந்து வந்ததும் மைக்கைக் கையில் எடுப்பார், பட்டனை அழுத்துவார், ஒரு மூச்சு விடுவார், அப்புறம்தான் பேசுவார். நல்ல கனத்த குரல். "என்ன, பேசறதுக்கு முன்னாடி சங்கல்பமா?" என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த தடவையும் அப்படியேதான் செய்வார்.

தை முதல் நாள் சாகர் தீவில் லட்சக்கணக்கான பேர் கங்கை கடலில் சேருமிடத்தில் முழுக்குப் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களும் உண்டு. எங்கள் ரேடியோ நண்பர்கள் தீவில் முகாம் போட்டு, கண்டுபிடித்தவர்களின் பெயர்களைக் கல்கத்தாவுக்குச் சொல்வார்கள். இவர் இங்கே உட்கார்ந்து குறித்துக்கொண்டு அந்தந்த வீட்டுக்கு போன் செய்வார். பதினோரு வருஷம் இந்த வேலையைப் பார்த்தார். பதினோரு வருஷமும் எங்கள் வீட்டில் பால் பொங்கும்போது அவர் ரேடியோ முன்னால்தான். நான் ஒருத்தியாகச் சமையலறையில் நின்று தட்டில் கரண்டியால் தட்டி "பொங்கலோ பொங்கல்" என்று கத்திவிட்டு, அந்தக் குரலிலேயே அவரையும் நாலு வார்த்தை திட்டுவேன்.

2007 ஏப்ரலில் தொண்டையில் புற்றுநோய் என்று குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாக மூச்சு. உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். கழுத்தில் வைத்துப் பேசும் பேட்டரிக் கருவி ஒன்று வாங்கினோம். ஒரே ஒரு முறை அதில் என் பெயரைச் சொல்லிப் பார்த்தார். தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருந்தது. அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, குழந்தைகள் எழுதுகிற சிலேட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் இரண்டு வார்த்தை எழுதுவதற்குள் மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரேடியோ நண்பர்கள் எல்லோரையும் ஜாதவ்பூரிலிருந்து தபன் தா, எங்களுக்கெல்லாம் தபன் அண்ணா, வரிசையாகக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பார். கல்லூரி வாத்தியார் அல்லவா, பழக்கம் விடவில்லை. இவருடைய முறை வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். பதில் வராது. அடுத்த பெயருக்குப் போவார். அந்தச் சமயத்தில் இவர் எழுந்து உள்ளறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். உலகத்தில் எல்லாக் காத்திருப்பையும்விட தபன் தாவின் அந்த நாலு செகண்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நவம்பரில் தபன் தா வீட்டுக்கு வந்தார். வாயால் சொல்லும்போது பெயர்கள் தப்பாகிவிடுகின்றன, இந்த வருஷம் பட்டியலைத் தட்டச்சு செய்து பாக்கெட்டாக ரேடியோவில் அனுப்பப்போகிறோம், அதற்குக் குரலே தேவையில்லை, கல்கத்தா இடம் சேஷாத்ரிக்குத்தான் என்றார். ஒரே நிபந்தனை: ஜனவரி பத்துக்குள் இந்த வீட்டிலிருந்து அனுப்புவது ஒழுங்காகப் போய்ச்சேர வேண்டும். இல்லாவிட்டால் ஹௌராவில் ஒருவர் தயாராக இருக்கிறார். இவர் சிலேட்டில் "ஹௌராவே பண்ணட்டும்" என்று எழுதிக் காட்டிவிட்டு உள்ளே போனார். ஆனால் 'குரலே தேவையில்லை' என்று தபன் தா சொன்னபோது இவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்துவிட்டேன். ஏழு மாதத்தில் அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். "அவர் பண்ணுவார்" என்று தபன் தாவிடம் சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

தபன் தா கொடுத்துவிட்டுப் போனது ஒரு சின்னப் பெட்டி. சாதாரண ரேடியோவில் எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் பாகங்கள் செய்யும். இதில் பெட்டி வெறும் வாசல்தான், ரேடியோவாக வேலை செய்வது கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம். அந்தப் புரோகிராம் இலவசம், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், மாற்றலாம். மாற்றலாம் என்று சொன்னபிறகு நான் சும்மா இருப்பேனா? முதல் ராத்திரியே முழுவதையும் படித்து, வீணாக நேரம் தின்கிற இரண்டு மூன்று இடங்களை வெட்டிச் சுருக்கினேன். ரேடியோ லைசென்ஸ் எனக்கும் உண்டு. கல்யாணமான புதிதில் அவர் என்னைப் படிக்கவைத்து எழுதவைத்த பரீட்சை.

மேஜையில் வைத்துப் பார்த்தபோது பிரமாதமாக வேலை செய்தது. ஒரு வாக்கியத்தைத் தட்டினால் அது பாக்கெட்டாகக் கட்டப்பட்டு, அரை செகண்டு 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தமாகப் போகும். அறையின் அந்தக் கோடியில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் அப்படியே எழுத்தாக வந்து விழும். ஆனால் பெட்டியின் சக்தி அறையைத் தாண்டாது. ஜாதவ்பூர்வரை போக வேண்டுமானால் அவருடைய பழைய ஆம்ப்ளிஃபையரோடு சேர்க்க வேண்டும். சேர்த்தேன். போனில் தபன் தா, "சத்தம் நன்றாகக் கேட்கிறது பௌதி, எழுத்துத்தான் வரவில்லை" என்றார். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி.

அதிலிருந்து ஆரம்பித்தது என் ஏழரை நாட்டுச் சனி. பாக்கெட்டில் ஒரு எழுத்து கெட்டாலும் எதிர்முனைக் கம்ப்யூட்டர் முழுவதையும் தூக்கி எறிந்துவிடும். பாதிச் செய்தி என்று ஒன்று கிடையாது. எது கெடுகிறது என்று தெரியவில்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஆண்டெனாவில் விஸ்வகர்மா பூஜைக்கு விட்ட பட்டத்தின் மாஞ்சாக் கயிறு சுற்றிக்கிடந்தது. பக்கத்துத் தெருப் பையன்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே அறுத்தெறிந்தேன். பயனில்லை. கேபிளை மாற்றினேன். ஒலியளவைக் கூட்டினேன், குறைத்தேன். அந்தப் புரோகிராமைப் பயன்படுத்துகிறவர்களின் மின்னஞ்சல் குழுவில் கேட்டேன். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் சரியாக இருக்கிறதென்றால் குற்றம் ஆம்ப்ளிஃபையரில்தான் என்று ஒரு புண்ணியவான் எழுதினார். தபன் தாவின் ஆம்ப்ளிஃபையரைக் கடன் வாங்கி வந்து மாட்டினேன். அதிலும் அதே கதை.

ஒரு புதன்கிழமை இவர் சிலேட்டோடு கதவருகில் வந்து நின்றார். "காபி ஃப்ளாஸ்க்ல இருக்கு" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். சற்று நின்றுவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் கடைசி ஞாயிறு. காலையிலிருந்து நாற்பது முறை அனுப்பியிருப்பேன். ஒன்றுகூடப் போய்ச்சேரவில்லை. பத்து மணிக்கு தபன் தா வருகைப் பதிவை ஆரம்பித்து, இவர் பெயரைக் கூப்பிட்டு, அந்த நாலு செகண்டு நிறுத்தினார். நான் கீபோர்டை ஓங்கி ஒரு அடி அடித்தேன். அழுகையும் வந்துவிட்டது. நிமிர்ந்தால் எதிரில் இவர், கழுத்தில் மஃப்ளர், கையில் சிலேட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

'ஆம்ப்' என்பதுவரை வந்ததும், மாற்றிப் பார்த்தாகிவிட்டது என்றேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'சத்தம்' என்று பார்த்ததும், அதையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தாயிற்று என்றேன். அவர் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்மேல் கோபப்பட்டதில்லை. அதுவும் கோபம் இல்லை. ஒருத்தி பேசி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன், அவ்வளவுதான். எட்டு மாதமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் எழுந்து தன் பழைய ரேடியோவை ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்தார். யாரும் பேசாத ஒரு அலைவரிசைக்குத் திருப்பி, மைக்கைக் கையில் எடுத்தார். ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் தொட்டார். பட்டனை அழுத்தினார். ஆம்ப்ளிஃபையருக்குள் ரிலே 'டிக்' என்று விழுந்தது. வெறும் கேட்பதிலிருந்து அனுப்புவதற்கு வழியை மாற்றிவிடுகிற சின்ன ஸ்விட்ச் அது. அவர் ஒரு மூச்சு விட்டார். அதற்கப்புறம் உதடுகள் மட்டும் அசைந்தன. சத்தம் இல்லை. 'நாகு' என்றார்.

மைக்கை வைத்துவிட்டு, ரேடியோவைப் பழைய அலைவரிசைக்குத் திருப்பி, ஆம்ப்ளிஃபையரை மறுபடி என் பெட்டியோடு சேர்த்து, கீபோர்டைக் காட்டினார். ஒரு பாக்கெட் அனுப்பினேன். 'டிக்'கும் 'க்ர்ர்ர்'ரும் ஒன்றாக வந்தன.

அவர் சிலேட்டை எடுத்து எழுதினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், படித்துத் தொலைக்கக் கூடாதென்று. அவர் என் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன்.

"ரிலே விழறதுக்கு முன்னாடியே நீ பேச ஆரம்பிச்சுடறே. தலை போயிடறது."

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: "என்கிட்டயும்தான்."

புரோகிராமைத் திறந்தேன். எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கு முன்னாலும் எதுவும் சொல்லாமல் வெறும் நிரப்புச் சத்தமாக முந்நூறு மில்லி செகண்டு ஓடட்டும் என்று எழுதியவர்கள் வைத்திருந்தார்கள். முதல் ராத்திரி நான்தான் அதைப் பூஜ்யம் ஆக்கியிருந்தேன். தண்டச் செலவு என்று பக்கத்தில் குறிப்பு வேறு. மேஜைமேல் ரிலே கிடையாது, அதனால் அங்கே குற்றம் தெரியவில்லை. ஆம்ப்ளிஃபையரில் ரிலே விழுந்து வழி திறப்பதற்குள் பாக்கெட்டின் தலைப்பகுதி, யாருக்கு, யாரிடமிருந்து என்கிற முகவரியோடு சேர்ந்து போய்விடும். தலையில்லாமல் வந்ததை ஜாதவ்பூர் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. புதன்கிழமை அவர் சொல்ல வந்ததும் இதுதான். உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி ஒரு மாதமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். நான் காபி இருக்கிற இடத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

"மன்னிச்சுடுங்கோ" என்றேன். என் வாயிலிருந்து அபூர்வமாக வருகிற வார்த்தை. அவர் என் கன்னத்தைத் துடைத்தார், விரலில் இருந்த சாக்பீஸ் தூள் அங்கே ஒட்டிக்கொண்டது. பழையபடி முந்நூறு என்று மாற்றினேன். பிறகு நாற்காலியை அவருக்கு விட்டு எழுந்தேன்.

ஆள்காட்டி விரல்கள் இரண்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். என்ன எழுதப்போகிறார் என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என்டரைத் தட்டினார். டிக். ஒரு மூச்சு. க்ர்ர்ர்.

அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு ஸ்பீக்கரில் தபன் தாவின் குரல் வந்தது. எல்லோரும் சற்று நில்லுங்கள், வருகைப் பதிவில் ஒரு பதில் வந்திருக்கிறது, படிக்கிறேன் என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தார்: "சேஷாத்ரி, டாலிகஞ்ச். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆஜர்." அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அவர் பெயரைச் சொன்னார்கள். இவர் ஸ்பீக்கரின்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பொங்கலன்று காலை எட்டரை மணிக்கு சாகரிலிருந்து முதல் பட்டியல் வந்தது. வழியில் டயமண்ட் ஹார்பரில் ஒரு மொட்டை மாடியில் வைத்திருந்த ரேடியோ அதை வாங்கி எங்களுக்குத் திருப்பி அனுப்பியது. முதல் பெயரே தமிழ்ப் பெயர். சுப்பம்மாள், வயது அறுபத்தாறு, மூன்றாம் முகாமில் பத்திரமாக இருக்கிறார், கரக்பூரில் மகன் கருப்பையா, ஒரு போன் நம்பர். இவர் எழுத்துப் பிசகாமல் பேப்பரில் எழுதி என்னிடம் நீட்டிவிட்டு, போனைக் காட்டினார். அந்தப் பாதி வேலை இனி என்னுடையது.

போனை எடுத்தவரிடம் ஒரே மூச்சில் கொட்டிவிடத்தான் வாய் வந்தது. "கருப்பையாவா?" என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றார். ஒரு மூச்சு விட்டேன். "உங்க அம்மா கிடைச்சுட்டா. நன்னா இருக்கா" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. வைக்கவில்லை. மெதுவாக ஒரு விசும்பல் கேட்டது, பிறகு வாய்விட்டு அழுகை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே பால் பொங்குகிற வாசனை வந்தது. நான் நகரவில்லை. இவர் எழுந்து உள்ளே போனார்.

சமையலறையிலிருந்து டங் டங்கென்று தட்டில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. குரல் இல்லை, தட்டுச் சத்தம் மட்டும், ஊரே கேட்கும்படி, விடாமல்.

அழுகையை நிறுத்திவிட்டு, அங்கே என்னம்மா சத்தம் என்று கேட்டார் கருப்பையா.

"எங்காத்துக்காரர்" என்றேன். "பொங்கலோ பொங்கல்ங்கறார்."