ரூம்காரர்கள் காலி செய்யும் நாள்

வீடு உள்ளவனுக்கு ரூம் என்பது கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம். வீடு இல்லாதவனுக்கோ அதுதான் முகவரி, அதுதான் குடித்தனம். வேலை முடிந்து எல்லோரும் ‘வீட்டுக்குக் கிளம்புறேன்’ என்னும்போது அவன் மட்டும் ‘ரூமுக்குக் கிளம்புறேன்’ என்பான். கேட்பவர் முகத்தில் ஓர் அனுதாபம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ரூம் எடுக்கலாம், ரூம் மாறலாம், எவனாவது அக்கிரமம் செய்தால் ‘ரூம் போட்டு யோசிப்பானுங்க போல’ என்று அலுத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்குத்தான் மருமகள் வருவாள். ரூமுக்கு ரூம்மேட்தான் வருவான்.

அதனால்தான் ஹெட் கிளார்க்குக்கு அந்த வார்த்தையே ஆகாது. லாட்ஜின் மூன்றாவது மாடியில் வருடக்கணக்காக இருந்தாலும், தன் இருப்பிடத்தை ‘ஜாகை’ என்றுதான் சொல்வார். ஓய்வு பெற்று எவ்வளவோ நாளாகியும் ஹெட் கிளார்க் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

“ஜாகையாம் ஜாகை. கையை நீட்டிச் சோம்பல் முறிச்சா எதிர்ச் சுவர்ல இடிக்குது” என்பார் பக்கத்து ரூம் கம்பவுண்டர்.

“உனக்கு ரூம்யா. எனக்கு ஜாகை. மனுஷனைப் பொறுத்துத்தான் இடம்.”

இந்த மனுஷர் ஜாகைக்கு வந்த கதை சின்னது. டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள் மருமகள். “ரூம் எடுத்துத் தங்கிக்க எனக்குத் தெரியும். இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று பெட்டியைத் தூக்கினார். யாராவது கையைப் பிடித்துத் தடுப்பார்கள் என்று வாசல்வரை நிதானமாகத்தான் நடந்தார். மகன் ஓடிவந்தான். பெட்டியை வாங்கி டாக்ஸியில் வைத்துவிட்டுக் கதவையும் சாத்தினான். அன்றிலிருந்து உலகத்தில் அவர் போய்ப் படுக்க இருந்த இடம் அந்த ஒரு ரூம்தான்.

அந்த லாட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ரூமில் விடாமல் இருப்பவன் நாளைக்கு வாடகைக்காரன் என்று உரிமை கேட்டு நிற்பான் என்று பழைய முதலாளிக்கு எந்த வக்கீலோ ஓதியிருந்தார். ஆகவே மாதத்தின் முதல் தேதி காலையில் நிரந்தரக்காரர்கள் எல்லோரும் பெட்டி படுக்கையோடு கீழே இறங்கி, சாவியை மேனேஜரிடம் கொடுத்து, வரவேற்பறை பெஞ்சில் உட்கார வேண்டும். மேலே ரூம்களைக் கழுவிவிடுவார்கள். தரை காய்ந்ததும் மேனேஜர் முன்பின் பார்த்திராதவர் போல, “ரூம் வேணுமா சார்?” என்பார். இவர்களும் புதிதாக வந்தவர்கள் போல, “ஆமா, சிங்கிள்” என்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லோரும் மேலே ஏறுவார்கள்.

இந்தக் கூத்துக்குத் தானாகத் தலைமை ஏற்றுக்கொண்டவர் ஹெட் கிளார்க். வரிசையில் நிற்பது அவர் ஏற்பாடு. ரூம் ரூமாக எட்டிப் பார்த்து, “ஒரு சீப்புகூட உள்ள இருக்கக் கூடாது. ரூல்னா ரூல்” என்று விரட்டுவதும் அவர்தான்.

பழைய முதலாளி கண்ணை மூடினார். மாப்பிள்ளை பொறுப்புக்கு வந்தார். அவருக்கு லாட்ஜ் என்றாலும் கசந்தது, ரூம் என்றாலும் கசந்தது. வாய்க்கு வாய் ‘லக்ஸுரி சூட்’, ‘ஸ்டே’, ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்றார். இஞ்ச் டேப்போடு இரண்டு பேர் மாடி மாடியாக அளந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த முதல் தேதி வந்தபோது கம்பவுண்டருக்கு நல்ல காய்ச்சல். விரட்ட வந்த ஹெட் கிளார்க்கிடம் போர்வைக்குள்ளிருந்தே சொன்னார். “எனக்கென்னமோ சரியாப் படல. இந்த மாசம் நான் இறங்கல. நீங்களும் இறங்காதீங்க.”

“பைத்தியமா உனக்கு? நேத்துகூட மாப்பிள்ளை எங்கிட்ட ‘என்ன சார், சௌக்கியமா’ன்னார். மதிக்கத் தெரிஞ்ச பிள்ளை.”

“சௌக்கியமான்னு கேட்டாரு. இருங்கன்னு சொன்னாரா?”

“இந்தக் குதர்க்கம்தான் வேணாங்கிறது. நம்ம பக்கம் ஒழுங்கா இருந்தாத்தான்யா நாளைக்கு நம்ம குரலுக்கு மரியாதை. எந்திரி.”

பெட்டியை ஹெட் கிளார்க்கே கட்டினார். போர்வையை உருவி மடித்தார். கம்பவுண்டரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி, கடைசிச் சாவியையும் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, காரியம் சாதித்த முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

தரை காயும் நேரம் வந்தது, போனது. மேனேஜர் தலை நிமிரவில்லை. ஹெட் கிளார்க்கே எழுந்து போய், “ஆமா, சிங்கிள்” என்றார், கேட்காத கேள்விக்கு.

மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். “ரூம் இல்லை சார்.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் இப்படியும் நடிப்பாரா என்று ஒருவர் கையைக்கூடத் தட்டினார். அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளே வந்தார். பின்னாலேயே கடப்பாறையும் சம்மட்டியுமாக ஆட்கள் வந்து மாடியேறினார்கள்.

“ஹெட் கிளார்க் சார், உங்களுக்குத்தான் பெரிய தேங்க்ஸ்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார் மாப்பிள்ளை. “ஒரே ஒருத்தர் உள்ள படுத்திருந்தாலும் கோர்ட், ஸ்டே ஆர்டர்னு இழுத்திருக்கும். எல்லாரையும் நீட்டா இறக்கிட்டீங்க.”

“தம்பி, இது வழக்கமா பண்றதுதானே. காலி பண்ணிட்டுத் திரும்ப…”

“காலி பண்ணிட்டீங்கள்ல? அவ்வளவுதான் சார்.”

கையை விடுவித்துக்கொண்ட மாப்பிள்ளை மாடியேறிவிட்டார்.

ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கினார்கள். கம்பவுண்டர் சுவரைப் பிடித்து எழுந்தார். “க்ளினிக் பெஞ்ச்ல படுத்துக்கறேன். டாக்டர் வர்றதுக்குள்ள எந்திரிச்சுட்டாப் போதும்.” நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஹெட் கிளார்க்குக்கு மனசு ஆறியிருக்கும்.

பெஞ்ச் காலியானதும் மகனுக்குப் போன் போட்டார்.

“சொல்லுங்கப்பா.”

“லாட்ஜ்ல ஏதோ இடிக்கிறாங்களாம். ஒரு நடை அங்க வரலாமான்னு பார்த்தேன். கொஞ்ச நாளைக்கு.”

மறுமுனையில் டிவி சத்தம் கேட்டது. யாரும் அதைக் குறைக்கவில்லை. “தாராளமா வாங்கப்பா. ஒரு ரெண்டு நாள் மட்டும் பொறுத்துக்கங்க. உங்க ரூம்ல இவ அப்பா அம்மா இருக்காங்க.”

“சரி சரி. அவங்க எப்ப ஊருக்குப் போறாங்க?”

“ஊருக்கா? அவங்க இங்கேயே வந்துட்டாங்கப்பா. நாலு மாசமாச்சு.”

“அப்ப ரெண்டு நாள்ல என்ன ஆகும்?”

“அதான்பா… யோசிச்சுட்டுக் கூப்பிடுறேன்.”

போனைப் பையில் போட்டார். மேலே சுவர் விழும் சத்தம். படியில் ஏதோ இடிபட்டது. நிமிர்ந்தார். அவர் ரூமில் கிடந்த இரும்புக் கட்டிலை இரண்டு ஆட்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

“யோவ், கைப்பிடியை உடைச்சுடாதே” என்றார். எழுந்து படியருகே போனார். “முதல்ல கால் பக்கம். அப்படியில்லை, சாய்ச்சுப் பிடி. இன்னும் கொஞ்சம். ஆ, அவ்வளவுதான், மெதுவா வா.”

“நல்லா சொன்னீங்க பெருசு” என்றான் முன்னால் இருந்தவன். கட்டில் இறங்கியது. அவர் வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்து, அது வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

“அடுத்ததைக் கொண்டாங்க” என்றார்.