கோலியர்ஸ் வுட்டுக்கு வந்த ஒன்பது ஆட்டக்காரர்கள்

கோலியர்ஸ் வுட்டில் சிவானந்தன் வீட்டு வாசலில், போன வருடம் மாசி மாதத்திலிருந்து, தினமும் காலையில் அடியில் முள் வைத்த சப்பாத்துகள் ஒன்பது சோடி கழற்றி விடப்பட்டிருந்தன. அவற்றுக்கு உரியவர்கள் எல்லோரும் செத்து எண்பது, நூறு வருடங்களுக்கு மேல் ஆன அமெரிக்க பேஸ்போல் ஆட்டக்காரர்கள். செத்ததில் அவர்களுக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. லண்டன் குளிர்தான் கொஞ்சம் பிடிக்கவில்லை. இதற்கெல்லாம் காரணம் சிவானந்தன் கைபேசியில் ஆடும் விளையாட்டு. நாளுக்கு ஒன்பது கட்டம் வரும். குறுக்கே மூன்று அணி, நெடுக்கே மூன்று அணி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இரண்டு அணிக்கும் ஆடிய ஒருவருடைய பெயரைப் போட வேண்டும். வேறு யாருக்கும் தோன்றாத பெயரைப் போடுபவன் கெட்டிக்காரன். சிவானந்தனோ அகதி வழக்கு முடியக் காத்திருந்த ஆறு வருடமும் விடுதியில் கிடந்த பழைய பேஸ்போல் பதிவேடு ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்தவர். நாலு ஆட்டம் ஆடிவிட்டு இறைச்சிக்கடைக்குத் திரும்பிப் போனவனைக்கூட அவருக்குத் தெரியும். லட்சம் பேர் பெயரைப் போட்டுக் கூப்பிடும் ஆட்டக்காரர் எந்த வீட்டுக்கென்று போவார்? உலகத்தில் ஒருவர் மட்டும் கூப்பிட்டால் வராமல் இருப்பது மரியாதையில்லை. வந்தார்கள், பின்னேரம் போனார்கள்.

சனம் இதை நம்புமா? பக்கத்துத் தெரு யோகராஜா சப்பாத்துகளை நாள் தவறாமல் எண்ணிப் பார்த்துவிட்டு, சிவானந்தன் களவாய் ஆட்களை இறக்கும் ஏஜென்சி தொடங்கிவிட்டார் என்று விம்பிள்டன் கோயிலில் சொல்லிவைத்தார். சொன்ன கையோடு, மருமகன் ஒருவன் மலேசியாவில் நிற்கிறான், ஏதாவது செய்ய ஏலுமோ என்று கேட்டும் வந்தார். சிவானந்தன் இல்லை என்று சொல்லச் சொல்ல, ஆள் பெரிய ஏஜென்சிதான் என்று முடிவாயிற்று.

மனைவி தவநாயகிக்கும் அதே சந்தேகம்தான். அவளுடைய தம்பி குகதாசன் தொண்ணூற்றெட்டில் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி மொஸ்கோ வரை போனவன். அதற்குப் பிறகு தகவல் இல்லை. இருக்கிறான் என்றும் இல்லை, செத்தான் என்றும் இல்லை. அவள் சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனைக் கேட்டாள்.

"நீங்கள் ஏஜென்சி செய்யிறியள் எண்டால் சொல்லுங்கோ. நான் இண்டைக்கே வெளிக்கிடுறன்."

சிவானந்தன் பயந்துபோய், வந்திருந்தவர்களில் மூத்தவரான ஓரின் ஸ்லேட்டைச் சாட்சிக்கு அழைத்தார். தான் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்றில் செத்தவன் என்று அவர் பணிவாகச் சொன்னார். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த ஆள் என்றே அவள் நினைத்தாள். அப்படியென்றால் அங்கே, செத்துப்போன என் அப்பாவைக் கண்டு, தனிய இருக்கும்போது என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டு வரும்படி சொன்னாள். மறுநாளும் ஸ்லேட்டையே ஒரு கட்டத்தில் போடவைத்தாள். அவர் வந்து, அர்த்தம் தெரியாமல், "நுளம்பு" என்றார். கொசுவுக்கு ஊரில் சொல்லும் பெயர். அப்பா அவளை அப்படிக் கூப்பிட்டது லண்டனில் ஒருவருக்கும் தெரியாது, சிவானந்தனுக்குக்கூட. தவநாயகி அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

குகதாசனைத் தேடச் சொல்ல அவளுக்கு இன்னும் நாலு நாள் பிடித்தது. பதில் என்னவாக இருக்குமோ என்று பயம். அன்று வந்த ஒன்பது பேரும் தேடினார்கள். அவர்களுக்கு வேறு வேலையும் இல்லை. பதினோராம் நாள் ஸ்லேட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லா இடமும் விசாரித்தோம், அப்படி ஒருவர் அங்கே வந்து சேரவில்லை என்றார். செத்த அமெரிக்கர் சொல்வதை எப்படி நம்புவது என்று, மருமகன் விஷயமாய்த் திரும்பவும் வந்திருந்த யோகராஜா இழுத்தார்.

"அப்பா அங்கை இருக்கிறார், அண்ணை," என்றாள் தவநாயகி. "தம்பி அங்கை இல்லை."

அலுமாரிக்குள் இருபத்தேழு வருடம் கிடந்த குகதாசனின் படத்தை எடுத்துத் துடைத்தாள். மாலை போட்ட படங்கள் இருக்கும் சாமியறைக்கு அதைக் கொண்டுபோகவில்லை. முன்னறையில், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவே மாட்டினாள். ஆணியை ஸ்லேட் அடித்துக் கொடுத்தார்.