கண்ணாமூச்சியின் கண்கள்

சின்னவளுக்கு வீட்டில் கண்ணாமூச்சி என்றுதான் பெயர். கேமராவைத் தூக்கினால் போதும், கண்ணை மூடிக்கொள்வாள். காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகுதான் உறைத்தது, அவள் கண் திறந்திருக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. "அவ முழிச்சுப் பாக்கற மாதிரி ஒரே ஒரு படம் பண்ணிக் குடுடி" என்று அம்மா பெரியவளை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஸ்டூடியோக்களுக்குப் படம் திருத்திக் கொடுப்பதுதானே பெரியவளுக்குப் பிழைப்பு!

அம்மாவும் சின்னவளும் தோளோடு தோள் உரசி நிற்கிற படம். காகிதப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது ஸ்கேன் மட்டும். அதைத் திறந்தாலே கிழட்டு லேப்டாப் மூச்சுமுட்டிப் படுத்துவிடும். நினைவகம் போதவில்லை என்று பெரியவள் பழைய ரேமைக் கழற்றித் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போனாள்.

"இதே வகை, இதே வேகம் இருக்கணும்க்கா" என்றார் கடைக்காரர். "புதுசு நாலு ஜிபி, வாரண்டியோட வரும். அதே விலைக்கு எட்டு ஜிபி ஒண்ணு கிடக்கு. எவனோ கழட்டுனது, பேர் ஊர் தெரியாது."

ஆசை யாரை விட்டது? எட்டைக் கேட்டாள்.

"சரி, உங்க இஷ்டம். டெஸ்ட் ஓடவிட்டுப் பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க. பழைய ஃபைல் மேலயே சேவ் பண்ணித் தொலைச்சுராதீங்க. ரேம்ல கோளாறு இருந்தா படத்தையே கடிச்சுரும்."

தலையைத் தலையை ஆட்டினாள். வந்ததும் மாட்டினாள். படம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரித் திறந்துகொண்டது. அந்தச் சந்தோஷத்தில் டெஸ்டாவது ஒன்றாவது! ஊரார் படத்துக்கெல்லாம் ஒழுங்காக நகல் எடுத்து வைக்கிற மகராசி, சொந்த வீட்டுப் படத்துக்கு எடுக்கவில்லை.

மூடிய கண்ணைத் திறக்க அவள் தொழிலில் ஒரு வழி உண்டு. சாடையுள்ள இன்னொருவர் கண்ணைக் காப்பி செய்து ஒட்டுவது. சின்னவள் அம்மாவை உரித்து வைத்தவள்; அந்த அம்மாதான் பக்கத்திலேயே கண் விரிய நிற்கிறாளே! அம்மாவின் இடது கண்ணைக் காப்பி செய்து சின்னவளுக்கு ஒட்டினாள். அச்சாகப் பொருந்தியது. சேவ் செய்தாள்.

"ஏன்டி, எனக்கு ஒத்தக் கண்ணு மங்கலடிக்குது" என்று கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தூசி விழுந்திருக்கும். கசக்காதம்மா."

சின்னவளின் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமலே வலது கண்ணையும் ஒட்டிச் சேவ் செய்தாள். அடி என் தங்கமே, முழித்துவிட்டாயே! பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முழுப்படத்தையும் பார்க்கலாமென்று சின்னதாக்கினாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

வெட்டிய தடம் எதுவும் இல்லை. பிறக்கும்போதே மூடியவை போல, இமையும் மயிரும் சுருக்கமுமாக அமைதியாக மூடியிருந்தன. செய்ததைத் திருப்பும் பொத்தானைப் பெரியவள் மறுபடி மறுபடி தட்டினாள். எதுவும் திரும்பவில்லை. சின்னவளின் பார்வை மட்டும் நேராக இருந்த இடத்தை விட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவின் பக்கம் திரும்பியிருந்தது.

கதவருகே சுவரை உரசும் சத்தம் கேட்டது. அம்மா சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தாள். ஜன்னல் வழியே சுள்ளென்ற வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. திறந்திருந்த கண்கள் கூசவே இல்லை.

"முடிஞ்சுதாடி? அவ கண்ணு எப்படி வந்திருக்கு?"

பெரியவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். "உன் கண்ணு மாதிரியேதாம்மா இருக்கு."

அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. கையை நீட்டிக்கொண்டு, அலமாரியைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க, காட்டு. மொதல்ல அந்த லைட்டப் போடு."