மீன் பதிவில் ஏறிய மெப்ராத்து

மீனுக்கு யார் அதிகாரி, மனிதனுக்கு யார் அதிகாரி என்று திடீரென்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியுமா? எங்கள் மர்சாஷ்லோக் துறைமுகத்தில் மீனைப் பற்றிக் கேளுங்கள், அரைத் தூக்கத்தில் இருப்பவன்கூடச் சொல்லுவான்: பிரஸ்ஸல்ஸ். எந்த மீன், எத்தனை, எந்த அளவு, எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிற ஐரோப்பிய ஒன்றியம் சொல்வதுதான். மால்டா அரசாங்கம் தலையாட்டும். மனிதனைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள்.

விஸ்தின் அண்ணனின் மீன்பிடிப் படகில் பதினான்கு வருடமாக வேலையில் இருக்கிறேன். ஆகஸ்டு பாதியில் லம்பூக்கி மீன் சீசன் தொடங்கும். ஈச்ச மட்டை கட்டிய மிதவைகளை வரிசையாகக் கடலில் கல் கட்டி நிறுத்திவிடுவோம். வெயிலுக்கு ஒதுங்குகிற மீன் அந்த நிழலில் வந்து கூடும். அன்று மத்தியானம் கடைசி மிதவைக்குப் போனோம். நிழலில் மீன் இருந்தது. மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

“மாதாவே!” என்றார் விஸ்தின். “டேய், நம்ம மிதவைக்கு ஆள் குடி வந்துருக்காங்கடா.”

தூக்கி ஏற்றினோம். பெயர் மெப்ராத்து, எரித்ரியாக்காரன். அவன் வந்த ரப்பர் படகில் காற்று இறங்கிப்போக, மற்றவர்களை ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. தள்ளி மிதந்த இவன் அவர்கள் கண்ணில் படவில்லை. உதடு வெடித்து, கால் வீங்கியிருந்தது. லிபியாவில் இரண்டு வருடம் அடைபட்டுப் பழகிய அரபியும் விஸ்தினின் மால்டா பேச்சும் பங்காளி மொழிகள், அதனால் பேச்சு ஓடியது. தண்ணீர் குடித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஐயா, என்னை லிபியாவுக்கு மட்டும் திருப்பி அனுப்பிராதீங்க.”

விஸ்தின் ரேடியோவை எடுத்தார். மூன்று குரல்கள் வந்தன.

“அந்த மிதவை பக்கத்து நாட்டு எல்லைகிட்ட இருக்கு. அவங்கதான் சொல்லணும்” என்றார் நம் நாட்டு அதிகாரி.

“ஏத்தினது உங்க படகு. ஆளும் உங்க ஆளுதான்” என்றார் பக்கத்து நாட்டு அதிகாரி.

மூன்றாவது குரல் ஒன்றியத்தின் எல்லை அலுவலகம். தேன் ஒழுகுகிற மரியாதை. “நாங்க ரெண்டு பேரையும் பேச வைக்கத்தான் முடியும். முடிவு நாடுங்களோடது. யார் என்ன முடிவெடுத்தாலும் எங்களுக்கு முழு சம்மதம்.”

“யாராச்சும் எடுக்கணுமே சார்!”

“அதை நாங்க வற்புறுத்த முடியாதுங்க. லிபியா ரோந்துப் படகு ஒண்ணு உங்க பக்கம் வருது. ரெண்டு மணி நேரத்துல முடிவாகலைன்னா அவங்க ஏத்திக்குவாங்க. அதுவரைக்கும் நகராதீங்க.”

ரேடியோவில் ஓடிய ஆங்கிலத்தில் மெப்ராத்துவுக்கு லிபியா என்ற சொல் மட்டும் புரிந்தது. கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டில் நசுங்கியது.

ரேடியோவில் மூன்று பேரும் மறுபடி ஆரம்பித்தார்கள். விஸ்தின் ஒரு காதால் கேட்டுக்கொண்டே, ஒன்றியத்தின் மீன் துறைக்குக் கணக்கு அனுப்புகிற பதிவுக் கருவியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். மிதவையிலிருந்து படகில் ஏறியது எதுவானாலும், படகை நகர்த்துமுன் அதில் எழுதியாக வேண்டும். போன வருடம் ஒரு ஆமையை எழுத மறந்ததற்குத் தண்டனையாகப் பதினைந்து நாள் கரையில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு அவருக்கு அது ஜெபமாலை மாதிரி, விரல் தானாக ஓடும். எட்டிப் பார்த்தேன்.

“அண்ணே, என்ன எழுதியிருக்கீங்க?”

“ஏன், லம்பூக்கி நாப்பது.”

“அதுக்குக் கீழ. ‘பட்டியலில் இல்லாதது, ஒன்று. உயிரோடு. காயம் உண்டு. அறுபது கிலோ.’”

“மிதவையில இருந்துதானே வந்துச்சு, அதான்...” என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயையோ, அனுப்பிட்டேனே!”

விஷயத்தைக் கேட்ட மெப்ராத்து, “அறுபதெல்லாம் இல்ல ஐயா, அம்பதுதான் இருப்பேன்” என்றான்.

திருத்துவதற்குள் கருவி பதில் கொடுத்துவிட்டது: ‘காயம்பட்ட உயிரினம். மர்சாஷ்லோக்கில் ஆறு மணிக்குள் இறக்கவும். ஆய்வாளர் காத்திருப்பார். கடலில் வேறு படகுக்கு மாற்றத் தடை.’

விஸ்தின் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ரேடியோவில் மாதா கோயிலில் வாசகம் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“மீன் உத்தரவா?” என்றார் நம் நாட்டு அதிகாரி. “அதுல நாங்க கை வைக்க முடியாதே.”

“அப்ப எங்களுக்கு வேலை இல்ல. வரேன்” என்று பக்கத்து நாட்டுக்காரர் போய்விட்டார்.

“சார், நீங்க?” என்றார் விஸ்தின்.

“அது வேற துறை. ஆனா எங்க துறைதான்.”

“அப்ப கிளம்பட்டுமா?”

“கிளம்பாதீங்கன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்லைங்க.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!” என்று விஸ்தின் எஞ்சினை முடுக்கினார். தெற்கே, லிபியா பக்கம், ஒரு படகு புள்ளியாகத் தெரிந்தது. மெப்ராத்து கரை வரும்வரை பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

துறைமுகத்தில் மீன் ஆய்வாளர் ரொமீனா அளவுப் பலகையோடு நின்றார்.

“எங்கண்ணே அந்த உயிரினம்?”

விஸ்தின் மெப்ராத்துவைக் காட்டினார்.

“விளையாடுறீங்களா? இது மனுஷன்!”

“மனுஷனுக்கு உயிர் இல்லைங்கிறியாம்மா?”

ரொமீனாவின் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ‘இறக்கப்பட்டது’, ‘கடலில் விடப்பட்டது’. பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது. மெப்ராத்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அளவு பத்தலைன்னா திரும்பக் கடல்ல விட்டுருவாங்களா ஐயா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் படகின் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. விஸ்தின் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது ரொமீனா சிரிக்கவில்லை. பலகையைக் கீழே போட்டார். முதல் கட்டத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார்.

“மேலிடத்துல கேட்டா என்னம்மா சொல்லுவ?”

“இறக்கச் சொன்னாங்க, இறக்கியாச்சு. முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று தன் பையிலிருந்து தக்காளி தேய்த்த ரொட்டியை எடுத்து மெப்ராத்துவிடம் நீட்டினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வண்டி வந்தது. மெப்ராத்துவின் பத்து விரல் ரேகைகளையும் எடுத்து, மால்டாவில் தஞ்சம் கேட்கும் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனை முகாமுக்குக் கூட்டிப் போனார்கள்.