சகலை வீட்டுத் தொட்டி

என் சகலை ஸ்ரீதர் வீட்டுத் தொட்டியில் மீன்கள் சாகின்றன என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிப் பக்கம் பதினாறு வருடமாக அலங்கார மீன் கடை வைத்திருக்கிறேன். கடலூரில் யார் வீட்டுக் கப்பி குட்டி போட்டாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படியிருக்க, சிதம்பரத்தில் வங்கி அதிகாரியாக இருக்கும் ஸ்ரீதர், என் மனைவி பவானியின் தங்கை பிரீதாவைக் கட்டியவன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சென்னையிலிருந்து நான்கடித் தொட்டியை வாங்கி இறக்கினான். மேல்மூடி கிடையாது, மேலே ஒரு சட்டத்தில் விளக்கு தொங்கும். ஏஞ்சல், டெட்ரா, மோலி, கப்பி என்று பல ஜாதி மீனும் சண்டையில்லாமல் ஒன்றாக நீந்தின. எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம்.

காணும் பொங்கலுக்கு நாங்கள் போனபோது என் மாமியார் தங்கம்மாள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சின்ன மகளோடுதான் இருக்கிறார்.

"எங்க சின்ன மாப்ள எதத் தொட்டாலும் அழகா வருது" என்றார்.

மீன் கடை வைத்திருக்கும் பெரிய மாப்பிள்ளை நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அடுத்த வாரமே சாவு தொடங்கியது. முதலில் இரண்டு டெட்ரா, பிறகு ஒரு ஏஞ்சல். குடும்ப வாட்ஸப் குழுவில் பிரீதா அழுகிற முகமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் பாதித் தொட்டி காலி. கடைசியில் ஸ்ரீதரே கூப்பிட்டான்.

"சகல, எனக்கு ஒண்ணுமே புரியல. நீங்க ஒரு தடவ வந்து பாருங்களேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன். தொட்டியை மட்டும் காப்பாற்றிவிட்டால் அந்த வீட்டில் இனி என் பேச்சுக்கு மரியாதை. மாமியார் வாயால் ஒரே ஒரு தடவை என்னைப் புகழ்ந்து கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பவானியை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போனதும் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். புது மீன் விட்டீர்களா? கொசு மருந்து அடித்தீர்களா? சோப்புக் கையை உள்ளே விட்டீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். மிச்சமிருந்த மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டேன். மஞ்சளாக மாறியது. தண்ணீரில் புளிப்பு, அதாவது அமிலம், கண்டபடி ஏறியிருந்தது.

"போன மாசம் நான் சோதிச்சப்ப பச்சையா இருந்துச்சே" என்றான் ஸ்ரீதர்.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"கேன் தண்ணிதான் சகல. போர் தண்ணி உப்பு ஜாஸ்தி."

கேன் தண்ணீரில் சத்தே கிடையாது. லேசாகப் புளிப்பு சேர்ந்தாலும் தாங்காது. ஆனால் அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது? அதுதான் பிடிபடவில்லை. தொட்டியையே வெறித்துக்கொண்டு நின்றேன். மீன்கள் செத்துக்கொண்டிருக்கும்போதும் அவன் தொட்டித் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பதினாறு வருடத்தில் என் கடைத் தொட்டி ஒன்றுகூட இப்படித் தெளிந்ததில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். பட்டுக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்றது. மீன் தின்று கழியும் தண்ணீர் இவ்வளவு தெளியவே தெளியாது. யாரோ தெளிய வைக்கிறார்கள்.

குனிந்து விளக்குச் சட்டத்தின் அடியில் பார்த்தேன். பின்பக்கம் ஒரு கறுப்புக் கயிறு. அதன் நுனியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வெள்ளைக் கட்டி. திருஷ்டிக்குக் கட்டும் படிகாரம். காற்றுக் குமிழ் தெறித்துத் தெறித்து நனைந்து, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் கரைந்துகொண்டிருந்தது.

அந்த நிமிஷம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டியை அறுத்து எடுத்து எல்லாருக்கும் காட்டினேன்.

"இதான் கொன்னுருக்கு. படிகாரம் தண்ணியில எறங்குனா புளிப்பு ஏறி மீனு மூச்சு விட முடியாது. இத இங்க கட்டுன புத்திசாலி யாரு?" என்று ஸ்ரீதரைப் பார்த்தபடியே சிரித்தேன்.

அவன் விழித்தான். பிரீதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான்" என்றாள் பவானி. "பொங்கலுக்கு வந்தப்போ கட்டுனேன். பிரீதாட்ட மட்டும் சொன்னேன். சின்னதா இருக்கும், ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

மாமியார் எழுந்துவிட்டார். "ஒன்ன யாருடி கேட்டா? தங்கச்சி நல்லா இருந்தா ஒனக்குப் பொறுக்கலயா? ஒன் வயித்தெரிச்சல்தான்டி இத்தன உசுரக் கொன்னுச்சு."

"விடுங்கத்தை, அண்ணி தெரிஞ்சா செஞ்சாங்க?" என்றான் ஸ்ரீதர்.

நான் அவளுக்குப் பரிந்து பேசவில்லை. ஏனென்றால் அதற்குள் மாமியார் என் பக்கம் திரும்பி, "பெரிய மாப்ள வரலன்னா மிச்சமும் போயிருக்கும். மீனப் பத்தி அவருக்குத் தெரியாததா!" என்றார். எத்தனை வருட ஆசை. வாயை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டேன். முனிசிபாலிட்டி குழாய்த் தண்ணீரில் குளோரின் முறிக்கும் மருந்து விட்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

குடிகாடு தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன்.

"எதுக்கு பவானி கட்டுன?"

"அன்னிக்கு அந்தத் தொட்டிய நீங்க பாத்த பார்வ எனக்குத் தெரியாதா? நாளைக்கே ஒண்ணு செத்தாலும் பெரிய மாப்ள கண்ணுன்னு அம்மா சொல்லும். ஒங்களுக்கு அந்தப் பேரு வரக்கூடாதுன்னுதான் கட்டுனேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்த வூட்டுக்குத் திரும்பப் போவீங்க?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. மாமியார் என் வயிற்றெரிச்சலை அவள் தலையில் சுமத்தி அடித்தபோது, நான் பாராட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவள் போன் ஒலித்தது. குடும்பக் குழுவில் ஸ்ரீதர் போட்டிருந்தான். பவானி எனக்காகச் சத்தமாகவே படித்தாள்.

"மீனுங்க கீழ எறங்கி நீந்துது. எல்லாம் எங்க சகலையாலதான்."

படித்துவிட்டு, "அம்மா கை தட்டிப் போட்டிருக்கு, பாருங்க" என்று போனை என்னிடம் நீட்டினாள்.