போணி நேரத்துப் பித்தளை

வியட்நாமின் சாடெக் சந்தையில் ஒரு நாள் அதிர்ஷ்டத்தின் விலை எண்பதாயிரம் டோங். முதல் ஆள் வெறுங்கையோடு இறங்கிப் போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் நடுங்குவார்கள். சாமந்தி வளர்க்கும் கியெமுக்கு அந்த நடுக்கம்தான் முதலீடு. பம்ப் சாமான் விற்கும் லுவா அக்கா கடையைத் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றான். ஹோஸ் முனையில் மாட்டித் தண்ணீர் பீச்சும் நாசில், நாள்பட உழைக்கிற பித்தளையில், அவளிடம் மட்டும்தான் கிடைக்கும். விலை இரண்டரை லட்சம்.

“எண்பதாயிரம், அக்கா. இல்லேன்னா நடையைக் கட்டறேன்.”

“போணி நேரத்துல கழுத்தறுக்கறியே, உருப்படுவியா?” என்றவள் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தாள்.

கியெம் காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. பித்தளையேதான் என்று சிரித்துக்கொண்டு போனான்.

டெட் புத்தாண்டு நெருங்கிய நாளில், நீரில் நட்ட பரண்களில் வரிசையாக நின்ற பூந்தொட்டிகளுக்கு, நடுவே படகில் நின்று அவன் தண்ணீர் அடிக்கும்போது நாசில் கழுத்தோடு முறிந்தது. ஹோஸ் பாம்பாகத் துள்ளியது. அவன் கரையேறி பம்ப்பை நிறுத்துவதற்குள் பீறிட்ட தண்ணீர் அடித்து நூற்றிருபது தொட்டிகளில் ஒரு மொட்டு மிஞ்சவில்லை. வருஷச் சோற்றில் பாதி அது.

கடைக்கு ஓடினான். “ஏமாத்திட்டியே அக்கா!”

“பித்தளைன்னு நான் சொன்னேனா தம்பி? காந்தம் துத்தநாகத்துலயும்தான் ஒட்டாது. உன் எண்பதாயிரத்துக்கு மேல்பூச்சுதான் பித்தளை. நெசமானது வேணும்னா இந்தா, இரண்டரை லட்சம். போணி காலையிலேயே ஆயிடுச்சு, பேரம் பேசாதே.”

மீதிப் பூவுக்காவது தண்ணீர் வேண்டுமே. கியெம் பணத்தை எண்ணி வைத்தான்.

பேரத்தில் மிச்சம் பிடித்தது ஒரு லட்சத்து எழுபதாயிரம். தொட்டிக்கு ஒன்றரை லட்சம் வீதம் பூவில் போனது ஒரு கோடியே எண்பது லட்சம்.